வன்னியில் நகரவாசிகள் எத்தனை பேர்?

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களே வன்னி. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் அட்டவணையில், நகர்ப்புற மக்கள் என்ற நிரலில் கிளிநொச்சி மாவட்டத்துக்கு எதிரே பூச்சியம் நிற்கிறது. முல்லைத்தீவுக்கு எதிரேயும் அதுவே. ஏறத்தாழ 1 இலட்சத்து 13 ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு மாவட்டத்திலும், 92 ஆயிரம் பேர் வாழ்ந்த அதன் அயல் மாவட்டத்திலும் நகரத்தில் குடியிருப்பவர் என்று ஒருவரைக்கூட அரசு கணக்கில் எடுக்கவில்லை. கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்தி வரை, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியோரம் ஒருமுறை நடந்தவருக்கு இந்தப் பூச்சியம் விளங்காது. வங்கிகள், நகை அடகுக் கடைகள், தனியார் கல்வி நிலையங்கள், கைத்தொலைபேசிக் கடைகள், மருந்தகங்கள், உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைகள், புகையிரத நிலையம், நீதிமன்றம், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம், பொதுச்சந்தை என்று ஒரு நகரத்துக்குரிய எல்லாமே அங்கே இருக்கின்றன. இருந்தும் சட்டத்தின் கண்ணில் அது கிராமம்.

காரணம் சின்னது. இலங்கையில் ஓர் இடம் நகரமா கிராமமா என்பதை அங்கு எத்தனை பேர் வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறார்கள் என்பது தீர்மானிப்பதில்லை. அதை ஆளும் சபையின் பெயர்தான் தீர்மானிக்கிறது. மாநகர சபை அல்லது நகர சபையின் எல்லைக்குள் இருந்தால் நகரம். மலையகத் தோட்டங்கள் தனி வகை. மற்ற எல்லாம் கிராமம். கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்திலும் பிரதேச சபைகள் மட்டுமே. ஆகவே பூச்சியம்.

முன்பு பட்டின சபை என்றொரு அமைப்பு இருந்தது. சிறு பட்டினங்களும் அதன் வழியாக நகரக் கணக்கில் சேர்ந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தோடு அந்தப் படி இல்லாமற் போனது. 1981இல் நாட்டு மக்களில் 21.5 வீதம் நகரவாசிகள் என்று கணக்கெடுத்த அரசு, 31 ஆண்டுகள் கழித்து 18.2 வீதம் என்று கணக்கிட்டது. இடைப்பட்ட காலத்தில் நாடு முழுவதும் சந்திகள் பட்டினங்களாகி, பட்டினங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்திருந்தன. தாளில் மட்டும் நாடு கிராமத்துக்குத் திரும்பியது.

இது வன்னிக்கு மட்டும் நேர்ந்த கணக்கல்ல. கொழும்பின் வாசலில் இருக்கும் களனியும் பிரதேச சபைப் பகுதிதான். கொழும்போடு வேலி இல்லாமல் ஒட்டிக் கிடக்கும் கம்பகா மாவட்டத்தில் 2012இல் நகரவாசிகள் 16 வீதத்துக்கும் குறைவு என்று எழுதப்பட்டது. நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதிகாரபூர்வ நகர எல்லைகளுக்கு வெளியே, ஆனால் நகரத்தின் குணங்கள் நிறைந்த இடங்களில் வாழக்கூடும் என்று உலக வங்கி 2015இல் மதிப்பிட்டது. வானிலிருந்து எடுத்த இரவு வெளிச்சப் படங்களும் அந்த ஆய்வுக்குக் கைகொடுத்தன. கொழும்பிலிருந்து தெற்கே காலி வரையும் கிழக்கே கண்டி வரையும் நீளும் வெளிச்சத்துக்கு நகர சபை எல்லை தெரியாது.

வரையறை மாறினால் நாடே வேறாகத் தெரியும் என்பதற்குக் கேரளம் நல்ல சான்று. இந்தியாவில் ஊராட்சியின் கீழ் இருக்கும் ஓர் ஊர்கூட, 5,000 பேருக்கு மேல் வாழ்ந்து, சதுர கிலோமீற்றருக்கு 400 பேர் என்ற நெருக்கத்தை எட்டி, உழைக்கும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயத்துக்கு வெளியே வேலை செய்தால், கணக்கெடுப்பில் நகரமாகிவிடும். 2001இல் கேரளத்தில் அப்படிப்பட்ட ஊர்கள் 99. பத்து ஆண்டுகளில் 461. நகர மக்களின் பங்கு 26 வீதத்திலிருந்து 47.7 வீதத்துக்குப் பாய்ந்தது. கேரளத்து மக்கள் வீடு மாறவில்லை; அவர்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த வாழ்க்கையை அளவுகோல் கண்டுகொண்டது. அடுத்தடுத்த நகரங்களையும் அவற்றின் ஓரக் குடியிருப்புகளையும் ஒரே நகரத் திரளாகச் சேர்த்து எண்ணும் வழக்கமும் இந்தியக் கணக்கெடுப்பில் உண்டு. இலங்கையில் அது இல்லாததால் கொழும்பு மாநகரம் என்றால் வெறும் 37 சதுர கிலோமீற்றரும் ஐந்தரை இலட்சம் சொச்சம் மக்களும்தான். அதைச் சுற்றிய பெரும் திரள் எந்த ஒரு சபையின் கணக்கிலும் முழுதாக வராது.

உலக அளவிலும் இதுதான் நடந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளிவிபர ஆணைக்குழு 2020இல் ஒரு பொது அளவுகோலை ஏற்றுக்கொண்டது. நிலத்தை ஒரு சதுர கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் ஒன்றுக்கு 1,500 பேருக்குக் குறையாமல் அடுத்தடுத்து அமைந்து மொத்தம் 50,000 பேரைத் தாண்டினால் மாநகரம், கட்டத்துக்கு 300 பேரும் மொத்தம் 5,000 பேரும் இருந்தால் பட்டினம், மற்றவை நாட்டுப்புறம். இந்த அளவுகோலை வைத்து 2025இல் வெளியான கணக்கில், நீண்ட காலம் உலகின் மிகப் பெரிய நகரத் திரளாக இருந்த தோக்கியோ மூன்றாம் இடத்துக்கு இறங்க, ஜகார்த்தா முதலிடத்துக்கும் டாக்கா இரண்டாம் இடத்துக்கும் வந்தன. இந்தக் கட்டங்களைக் கிளிநொச்சியின் மேலும் புதுக்குடியிருப்பின் மேலும் விரித்துப் பார்த்தால் அவை பட்டினத்துக்கான எல்லையைத் தாண்டும் என்பதே என் கணிப்பு.

இனி, வன்னியில் ஏன் இவ்வளவு குறைந்த மக்கள் என்ற கேள்விக்கு வருவோம். இலங்கை நெருக்கமான நாடு. 65,610 சதுர கிலோமீற்றரில் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 2 கோடியே 17 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். நிலத்தில் 6 வீதத்தைக்கூட எட்டாத மேல் மாகாணத்தில் மக்களில் 28 வீதத்தினர் இருக்கிறார்கள். கொழும்பு மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 3,500 பேர்; முல்லைத்தீவில் 50. வன்னியின் நான்கு மாவட்டங்களையும் சேர்த்தால் நாட்டின் நிலப்பரப்பில் 12 வீதம் வருகிறது. 2012இல் அங்கே வாழ்ந்தவர்கள் 4 இலட்சத்து 77 ஆயிரம் பேர். கொழும்பு மாநகர சபையின் அந்த 37 சதுர கிலோமீற்றரில் வாழ்ந்தவர்கள் இதைவிட அதிகம்.

இந்தச் சாய்வு நேற்று வந்ததல்ல. தென்மேற்கு ஈரவலயத்துக்கு ஆண்டில் இரண்டு பருவ மழை கிடைக்கும். வன்னிக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைதான். மீதி மாதங்களுக்குக் குளம்தான் கதி. வலுவான அரசு இருந்து குளங்களைப் பேணிய காலத்தில் உலர்வலயம் மக்கள் நிறைந்த நாடாக இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த ஒழுங்கு குலைந்து, குளங்கள் தூர்ந்து, மலேரியா பரவி, மக்கள் தெற்கும் வடக்கும் நகர்ந்தார்கள். நடுவில் காடும் சிதறிய ஊர்களும் வன்னிமைகள் எனப்பட்ட சிற்றரசுகளும் எஞ்சின. 1803இல் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி வென்றபோதும், அதே ஆண்டு கற்சிலைமடுவில் தோற்றபோதும் இதுதான் நிலைமை. ஆங்கிலேயர் காலத்தில் கோப்பி, தேயிலை, இறப்பர், துறைமுகம், புகையிரதம் என்று முதலீடு முழுக்கத் தென்மேற்கையும் மலைநாட்டையும் நோக்கிப் போனது. 1905இல் காங்கேசன்துறை வரை நிறைவடைந்த வடக்குப் புகையிரதப் பாதை வன்னியை ஊடறுத்துச் சென்றது. ஆனால் அது யாழ்ப்பாணத்துக்குப் போவதற்காகப் போடப்பட்ட பாதை.

சராசரி அடர்த்தி ஒரு ஏமாற்று எண். சதுர கிலோமீற்றருக்கு 50 பேர் என்றதும், பரந்த வெளியில் ஆங்காங்கே ஒரு வீடு என்ற படம் மனதில் வரும். முல்லைத்தீவின் நிலத்தில் பாதிக்கு மேல் காடு. குளங்களையும் வயல்களையும் களப்புகளையும் கழித்துவிட்டால் மக்கள் குடியிருக்கும் நிலம் மிகச் சிறியது. அந்தச் சிறிய நிலத்திலும் அவர்கள் பரவி வாழவில்லை, கோடுகளாக வாழ்கிறார்கள். ஒரு கோடு ஏ9. இன்னொன்று பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதி. மூன்றாவது மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளைக்கும் கடலுக்கும் போவது. பூநகரியிலிருந்து மன்னார் வரை மேற்குக் கரையோரம் இறங்கும் ஏ32 நான்காவது. இவற்றோடு இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு போன்ற குளங்களின் வாய்க்கால்களைச் சேர்த்துக்கொண்டால் வன்னியின் மக்கள் பரம்பல் வரைபடம் ஏறத்தாழ முடிந்துவிடும்.

அந்தக் கோடுகளில் ஒன்றை அருகில் நின்று பார்க்க வேண்டும். கிளிநொச்சியில் ஏ9 வீதியின் ஓரத்தில் இரண்டு மாடிக் கடை. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, வெளியே வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே ஒரு கிரவல் ஒழுங்கை. அதற்குள் நூறு யார் நடந்தால் தகரக் கூரையோடு ஓட்டோ திருத்தும் இடமும், அரசின் வீட்டுத்திட்டத்தில் கட்டிப் பூசாமல் விட்ட கல்வீடும், வீட்டுக்குப் பின்னால் பத்துத் தென்னையும், ஒரு கிணறும் இருக்கும். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் வயல். காலபோகத்தில் அங்கே அரிவுவெட்டு இயந்திரம் ஓடும் சத்தம் வங்கிக் கிளை வரைக்கும் கேட்கும். காலையில் இதே வீதியில் வட்டக்கச்சியிலிருந்தும் தருமபுரத்திலிருந்தும் அக்கராயனிலிருந்தும் ஆடைத் தொழிற்சாலைக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிவரும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவர்களின் வீடு விவசாயக் குடியேற்றத்தில் இருக்கிறது. சம்பளம் நகரத்திலிருந்து வருகிறது. அவர்களை எந்த நிரலில் எழுதுவது?

இந்த அமைப்பு தானாக வளர்ந்ததன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலம் போதாமல் போனபோது அரசு வன்னியைத் திறந்தது. இரணைமடுக் குளம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டது. 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. 1936 முதல் குடாநாட்டிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தும் திட்டத்தோடுதான் கிளிநொச்சி நகரமாக உருவெடுக்கத் தொடங்கியது. 1946க்குப் பிறகு டிடிடி தெளித்து மலேரியாவை அடக்கியது அதற்கு உயிர் கொடுத்தது. வயலுக்கு ஒரு துண்டு, மேட்டுக்காணி ஒரு துண்டு என்று குடும்பம் குடும்பமாக, வாய்க்கால் வாய்க்காலாக நிலம் பகிரப்பட்டது. நெல் விளைவித்து நாட்டுக்கு ஊட்டும் கிராமங்களை உண்டாக்குவதே அன்றைய நோக்கம். அந்தக் கிராமங்களுக்குச் சாமான் விற்கவும் நெல் வாங்கவும் வீதியோரம் கடைத்தெரு எழும்பும், அது ஒரு நாள் நகரமாகும் என்பதற்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை.

அதன் பிறகு வந்தவர்கள் திட்டத்தால் வந்தவர்களல்லர். 1958, 1977, 1983 கலவரங்களில் தெற்கிலும் மலையகத்திலும் அடிபட்டு ஓடி வந்த தமிழர்களில் ஒரு பெரும் பங்கினரை வன்னி ஏற்றுக்கொண்டது. கிளிநொச்சியைச் சுற்றிய பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்களில் மலையக வேர் கொண்ட குடும்பங்கள் இன்றும் நிறைய. அவர்களில் பலருக்கு வயல் இல்லை, உறுதியான காணிப் பத்திரமும் இல்லை, கூலி வேலைதான். விவசாய மாவட்டத்தில் நிலமற்றவர்கள் இவ்வளவு பேர் இருப்பதை அடர்த்திக் கணக்கு ஒருபோதும் சொல்லாது. பரந்து கிடக்கும் பூமியில் ஒரு குழி நிலம் இல்லாமல் வாழ்வது எத்தனை பெரிய அநியாயம் என்பதை அங்கு வாழ்கிறவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

காணியின் சட்டமே நகரத்தின் உருவத்தையும் வரைந்தது. குடியேற்றக் காணி பெமிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரில் கொடுத்த காணி. நினைத்தபடி விற்கவோ சிறு துண்டுகளாக்கவோ முடியாது. தகப்பனுக்குப் பிறகு ஒரு வாரிசின் பெயருக்கே போகும். ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஒருவர் உரிமைக்காரர், மற்ற நால்வர் கலியாணம் முடித்து எங்கே போவது? தகப்பனின் மேட்டுக்காணியிலேயே வேலி போடாமல் வீடு போட்டார்கள். அல்லது வீதியோர ஒதுக்கிலும் வாய்க்கால் கரையிலும் குளத்தின் அலைகரையிலும் கொட்டில் போட்டார்கள். பின்னால் காடு வனத் திணைக்களத்துக்குச் சொந்தம், வேறு சில இடங்கள் படையினரிடம். கேப்பாப்புலவு மக்கள் தங்கள் சொந்தக் காணியைக் கேட்டு 2017இல் வீதியோரத்தில் மாதக்கணக்கில் இருந்தார்கள். பரவிப்பாஞ்சானில் அதற்கு முந்திய ஆண்டு இதே போராட்டம். முன்னே வீதி, பின்னே மூடப்பட்ட நிலம் என்றால் ஊர் நீளமாகத்தான் வளரும். நாடா போல நீண்டுபோகும் இந்தக் குடியிருப்புகளைத் திட்டமின்மையின் விளைவு என்று நிபுணர்கள் குறை சொல்வதுண்டு. மக்களுக்குத் திறந்திருந்தது அந்தக் கோடு ஒன்றுதான்.

போர் இந்தப் படத்தை ஒரு முறையல்ல, பல முறை கலைத்துப் போட்டது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. தென்மராட்சியில் ஒதுங்கியவர்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் களப்பைக் கடந்து வன்னிக்குள் வந்தார்கள். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது. சனம் அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் பெயர்ந்தது. மல்லாவியும் புதுக்குடியிருப்பும் நகரத்தின் வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டது அந்த ஆண்டுகளில்தான். இன்றும் புதுக்குடியிருப்பு, மாவட்டத் தலைநகரான முல்லைத்தீவை மிஞ்சும் கடைத்தெருவாக இருப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது. 2002இல் சமாதானம் வந்து ஏ9 திறந்தபோது இடிபாடுகளிலிருந்து கிளிநொச்சி மறுபடி எழுந்து, விடுதலைப் புலிகளின் நிழல் அரசின் தலைநகராக ஆறு ஆண்டுகள் இருந்தது. 2009 ஜனவரி 2இல் இராணுவம் உள்ளே வந்தபோது அது ஆளில்லாத நகரம். சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி அதன் அடையாளமாயிற்று.

வவுனியாவின் கதை மறுபக்கம். எல்லைப்புற நகரமாக, வடக்கிலிருந்து வருபவர்களிடம் அனுமதிச் சீட்டுக் கேட்ட பாஸ் நடைமுறையின் வாசலாக, வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும் இந்தியாவிலிருந்து திரும்பிய அகதிகளும் மேலே போக முடியாமல் தங்கிய இடமாக அது வளர்ந்தது. பூந்தோட்டமும் சிதம்பரபுரமும் முகாம்களாகத் தொடங்கின. 1981இல் ஏறத்தாழ 95 ஆயிரமாக இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 2012இல் 1 இலட்சத்து 72 ஆயிரம். அதே காலத்தில் மன்னார் 1 இலட்சத்து 6 ஆயிரத்திலிருந்து ஒரு இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதும், தலைமன்னார்க் கடல் வழியாக இந்தியாவுக்குப் போன அகதிகளும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெருகிய 31 ஆண்டுகளில் ஒரு மாவட்டம் சுருங்கியது என்றால், அது குடிப்பெயர்ச்சி என்ற மெல்லிய சொல்லுக்குள் அடங்காது.

நான் மேலே சொன்ன சர்வதேச அளவுகோலை வன்னியின் வரலாற்றின் மேல் வைத்தால் ஒரு கொடிய விடை கிடைக்கிறது. மாநகரம் என்பதற்கான நெருக்கத்தையும் தொகையையும் ஐயத்துக்கு இடமின்றித் தாண்டிய குடியிருப்பு, 2009இல் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம். இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயரால் வலயங்கள் பிரித்து, காடு வெட்டிய செம்மண்ணில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூடாரங்களில் வைத்தார்கள். தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் நாள் முழுக்க வரிசை. 2012 செப்டெம்பரில்தான் அது முற்றாக மூடப்பட்டது. குடிசன மதிப்பீட்டு அதிகாரிகள் வன்னியில் வீடு வீடாகப் போனது அதே ஆண்டில்தான். ஆகவே 2012இன் எண்கள் ஒரு சமூகத்தின் இயல்பு நிலையை அளந்த எண்களல்ல. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு நேரத்தில் எடுத்த எண்கள். முல்லைத்தீவின் தொகை 2024இல் 1 இலட்சத்து 22 ஆயிரத்தைத் தாண்டியதை வேகமான வளர்ச்சி என்று படிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. திரும்பி வந்தவர்களும் அதில் சேர்த்தி.

எண்ணுவது வன்னியில் ஒருபோதும் வெறும் கணிதமாக இருந்ததில்லை. 1991இல் நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் வன்னியின் எந்த மாவட்டத்திலும் முழுமையாக நடத்த முடியவில்லை. கச்சேரிப் பதிவுகளே ஒரே கணக்காக இருந்த அந்த இடைவெளியிலிருந்துதான் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தன் கேள்வியை வைத்தார். 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்ததாகக் கச்சேரி கணக்கிட்டவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்பதற்கு விளக்கம் தாருங்கள் என்று கேட்டார். அரச அலுவலர்கள் எழுதிவைத்த எண்களை வைத்தே கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்கு நிறைவான பதில் இன்றுவரை இல்லை. ஆட்களை எண்ணுவதில் எங்கள் சனம் காட்டும் கவலை எங்கிருந்து வருகிறது என்பது இதை அறிந்தவர்களுக்கு விளங்கும்.

நாடாளுமன்ற ஆசனங்களும் எண்ணைத் தொட்டே வருகின்றன. கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. மூன்று மாவட்டங்கள் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கும் 6. வாக்காளர் தொகையைப் பாராமல் மாகாணத்துக்கு 4 ஆசனங்கள் என்று அரசியலமைப்பு ஒதுக்கியிருப்பதால் வடக்குக்குக் கொஞ்சம் தாங்குதல் கிடைக்கிறது. மணலாறு 1988இல் வெலிஓயா என்ற பெயரில் மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்தின் 'எல்' வலயமாக்கப்பட்டு, தெற்கிலிருந்து குடியேற்றங்கள் நடந்ததும் இதே எண் அரசியலின் பகுதி. வன்னியில் வெற்று நிலம் கிடக்கிறது, ஆள் குடியேற்றலாம் என்ற வாதத்துக்கு அந்த 50 என்ற சராசரிதான் எப்போதும் துணைக்கு அழைக்கப்படுகிறது. காட்டையும் குளத்தையும் சேர்த்து வகுத்த சராசரியை வைத்து நிலத்துக்கு ஆள் போதாது என்று சொல்வதும், அதே இடத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கால் ஏக்கருக்குப் பத்திரம் கொடுக்க மறுப்பதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

நெருக்கமான குடாநாடும் ஐதான வன்னியும் தண்ணீரில்தான் நேருக்கு நேர் சந்தித்தன. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகும் திட்டம் 2010க்குப் பிறகு பேசப்பட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் சிறுபோகத்துக்கே நீர் போதாது என்று எதிர்த்தார்கள். குடாநாட்டு மக்களின் தாகமும் பொய்யல்ல; நிலத்தடி நீரை நம்பி வாழும் அவர்களின் கிணறுகளில் உவரும் நைத்திரேற்றும் ஏறிக்கொண்டிருந்தன. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அந்த வாக்குவாதத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: வளரும் கிளிநொச்சி நகரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கடைத்தெருவின் பின்னால், ஒரே துண்டுக் காணியில் மூன்று வீடும் மூன்று மலசலகூடக் குழியும் ஒரு கிணறும் வந்துவிட்ட இடங்களில், குடாநாடு இன்று படும் பாட்டை நாளை இவர்கள் படப் போகிறார்கள். கிராமம் என்று எழுதிய இடத்துக்குக் கழிவுநீர்த் திட்டம் போட ஒருவருக்கும் தோன்றாது.

நடைமுறையில் அரசின் ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியவில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபை கிளிநொச்சியை நகரமாகவே பார்த்துத் திட்டம் வரைகிறது. குடிசன மதிப்பீடு அதைக் கிராமம் என்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் வந்தால் வாடகை அறை, சாப்பாட்டுக் கடை, இரவு பஸ், வீதி விளக்கு எல்லாம் வேண்டியிருக்கும். இவற்றைக் கவனிக்க வேண்டியது பிரதேச சபை. அதற்கு நகரமும் பொறுப்பு, பத்து மைல் தள்ளி யானை வேலி கேட்கும் ஊரும் பொறுப்பு. ஒரே குப்பை வண்டி, ஒரே வருமானம். கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று அறிவித்த இடங்களில் ஆதன வரி அறவிடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெமிற் காணியில் எழும்பிய கடைக்கு உரிமை யாருடையது என்பதிலேயே இழுபறி இருக்கும்போது வரி மதிப்பீடு நொண்டத்தான் செய்யும்.

ஆகையால்தான் கிளிநொச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் நகர சபை வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஆதரிக்கிறேன். வவுனியா நகர சபை மாநகர சபையாக உயர்ந்திருக்கும் காலத்தில் இதை இன்னும் தள்ளிப்போட நியாயம் இல்லை. ஆனால் எல்லையை எங்கே போடுவது என்பதில் கண்ணை மூடிக்கொண்டு கோடு கீறக் கூடாது. வயலையும் சேர்த்து நகரமாக்கினால், நெல் விதைக்கிறவர் மீது ஆதன வரிச் சுமை ஏறும். நாளடைவில் வயலை நிரப்பிக் கடை கட்டுகிற ஆசையும் வரும். இரணைமடு வாய்க்கால்களின் கீழ்க் கிடக்கும் அந்த வயல் போனால் மாவட்டத்தின் முதுகெலும்பே போகும். கடைத்தெருவை மட்டும் வெட்டி எடுத்து நகரமாக்கினால், பாரதிபுரமும் மலையாளபுரமும் வருமானம் இல்லாத பிரதேச சபையோடு எஞ்சும். நகரத்துக்கு உழைக்கிறவர்கள் நகரத்தின் தண்ணீரும் வெளிச்சமும் கிடைக்காதவர்களாகிவிடுவார்கள். வீதியோரக் கடைத்தெருவையும் அதன் பின்னுள்ள கூலித்தொழிலாளர் குடியிருப்புகளையும் அறிவியல் நகரையும் நகர சபைக்குள் எடுத்து, முதன்மை வாய்க்காலுக்குக் கீழே உள்ள வயல்நிலத்தைப் பிரதேச சபையோடு விடுவதே சரியான எல்லை என்று எனக்குப் படுகிறது.

2024 கணக்கெடுப்பின் கிராம அலுவலர் பிரிவு வாரியான எண்கள் இதற்கு உதவும். மாவட்டச் சராசரியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏ9 வீதியைத் தொட்டுக் கிடக்கும் ஒவ்வொரு பிரிவிலும் குடியிருக்கும் நிலம் எவ்வளவு, அதில் எத்தனை குடும்பம், அவற்றில் எத்தனை குடும்பங்களிடம் பத்திரம் இருக்கிறது என்று மூன்று நிரல்களை அருகருகே எழுத வேண்டும். முதல் இரண்டு நிரல்களும் நகர சபையின் எல்லையைச் சொல்லும். மூன்றாவது நிரலைக் கையில் எடுத்துக்கொண்டு காணி ஆணையாளரிடம் போக வேண்டும். வாரிசு ஒருவருக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டை நகர எல்லைக்குள் தளர்த்தி, இருக்கும் வீட்டுக்கு இருக்கும் ஆளின் பெயரில் பத்திரம் வழங்கக் கேட்க வேண்டும். அது கிடைத்த பிறகே ஆதன வரியும் குழாய்த் தண்ணீர் இணைப்பும் கழிவுநீர்த் திட்டமும் அந்த ஒழுங்கைகளுக்குள் போக முடியும்.